தட்டில் எங்கே? – ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்வியும் அரசின் பணமும்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவைப் போற்றும் இந்த அரங்கில் என்ன பேசலாம் என்று யோசித்தபோது, ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ‘ஒதுக்கீடு.’ இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் எல்லோருக்கும் இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வருகிறது. அதற்காக நூறாண்டுகளாகச் சண்டையிட்டிருக்கிறோம், இன்றும் சண்டையிடுகிறோம். ஆனால் நம் முன்னோர்கள் இன்னொரு ஒதுக்கீட்டையும் கேட்டார்கள். அது நிதி ஒதுக்கீடு. நம் பிள்ளைகளின் படிப்புக்கு அரசுக் கருவூலத்திலிருந்து எவ்வளவு வரும், எந்தக் கணக்கில் வரும், அது வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வியை நாம் மெல்ல மெல்லக் கைவிட்டுவிட்டோம். நிதிநிலை அறிக்கை என்பது யாரோ பொருளாதாரம் படித்தவர்களின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டோம். அந்தக் கேள்வியை மறுபடியும் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த உரையின் சாரம்.

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் ஜல்லி உடைத்தவர். 1991ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது இரவு வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டார், கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார். அப்போது நான் ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதி ஒன்றில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் என்னைப் பார்க்க வந்தவர், விடுதிச் சுவரில் இருந்த உணவுப் பட்டியல் பலகையின் முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் போய்க் கேட்டார்: “பலகைல முட்டைன்னு எழுதியிருக்கே, தட்டுல எங்க?” யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பும்போது என்னிடம் கேட்டார்: “ஏ ஆயி, உங்க சோத்துக்குச் சர்க்காரு எம்புட்டுக் குடுக்குது?” எனக்குத் தெரியவில்லை. சமூகவியலில் முதுகலை முடித்த பிறகும் பல ஆண்டுகள் அதற்கான பதில் எனக்குத் தெரியாமலே இருந்தது.

பலகையில் இருப்பது தட்டில் எங்கே, அரசு எவ்வளவு கொடுக்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நம் கல்வி வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

கோயிலை மறுத்தவர்களிடம் பள்ளியைக் கேட்டவர்

1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார் அயோத்திதாசர். அங்கே நிறைவேற்றிய தீர்மானங்களில் கல்விக் கோரிக்கைகளும் இருந்தன. மறு ஆண்டு சென்னையில் மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். அங்கு நடந்ததை அவரே பின்னாளில் ‘தமிழன்’ இதழில் எழுதியிருக்கிறார். நம் மக்களைச் சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் விடுவது பற்றி அவர் பேசியதும் எதிர்ப்பு கிளம்புகிறது. உங்களுக்கென்று வேறு சாமிகள் இருக்கின்றன என்கிறார் ஒரு சாஸ்திரி. பண்டிதர் அந்த இடத்திலேயே பேச்சைத் திருப்புகிறார். உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசமாகக் கல்வி கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்கிறார். அதற்குச் சபை சம்மதிக்கிறது.

இதைப் பண்டிதரின் சாதுரியம் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அவர் கேட்டவை இரண்டையும் கவனியுங்கள். பள்ளி, நிலம். இரண்டும் அரசு கொடுக்க வேண்டியவை. இலவசக் கல்வி என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் யாரோ கொடுத்தாக வேண்டும், கட்டடத்துக்கு இடம் வேண்டும். கருணையையோ மனமாற்றத்தையோ அவர் கேட்கவில்லை. கருவூலத்தில் ஒரு பங்கைக் கேட்டார்.

அதே காலத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். நம்மவர்களின் மனுக்களும் அந்த அறிக்கையும் சேர்ந்து உண்டாக்கிய அழுத்தத்தில், 1893 பிப்ரவரியில் சென்னை அரசு கல்வித் துறையில் 68ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்று பின்னாளில் பெயர் பெற்ற ஆணை இது. சேரிகளில் பள்ளி, அதற்குப் புறம்போக்கு நிலம், நம் சமூகத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும், இப்பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் என்று அந்த ஆணை பேசியது. மறு ஆண்டு, 1894இல், கர்னல் ஓல்காட் அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்த முயற்சிகளில் பண்டிதரின் பங்கு பெரியது. மிஷன் பள்ளிகளும் இருந்தன. ஆனால் தர்மமாகக் கிடைக்கும் பள்ளி தர்மம் செய்பவர் போனதும் தடுமாறும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அரசை நோக்கி மனு எழுதுவதை அவர்கள் நிறுத்தவே இல்லை.

கதவு திறந்தால் போதுமா?

நம் ஊருக்கு வருவோம். அன்று புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது, 1974இல் தனி மாவட்டமானது. சென்னை மாகாண அரசின் ஆணை தொண்டைமான் சமஸ்தானத்துக்குள் செல்லாது. இங்கே பள்ளியும் கல்லூரியும் மன்னரின் முடிவைப் பொறுத்தவை.

அப்படி ஒரு முடிவை நாம் பெருமையாகச் சொல்கிறோம். 1886இல் இந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். தேவதாசி மரபில் வந்த தாயின் மகள் அவர். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை மீறிச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார்.

ஒரு கதவைத் திறக்க ஓர் ஆணை போதும் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டுகிறது. ஆனால் ஒரு பெண் நுழைந்த அந்தக் கதவு வழியாக ஆயிரம் பெண்கள் நுழைய வேண்டுமானால் ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளி வேண்டும், ஆசிரியர் வேண்டும், விடுதி வேண்டும், பசியாற்ற வேண்டும். அதற்கெல்லாம் பணம் வேண்டும். ஆணை கதவைத் திறக்கும், பணம்தான் பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும்.

சரி, பணம் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1919இல் சென்னை மாகாண அரசு ஒரு கணக்கு எடுத்துப் பார்த்தது. பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல். அவற்றில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை அறுநூற்றுச் சொச்சம்தான். பள்ளி அக்கிரகாரத்தில் இருந்தது, கோயில் மண்டபத்தில் இருந்தது, சேரிப்பிள்ளை போக முடியாத தெருவில் இருந்தது. கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், பொதுப் பணத்திலிருந்து சம்பளமும் போனது. அந்தப் பொதுப் பணத்தில் வயலில் குனிந்து நின்ற நம் பாட்டன் பாட்டியின் உழைப்பும் இருந்தது. அவர்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ளே இடமில்லை. அதாவது, நம்மை வெளியே நிறுத்துவதற்கான செலவில் ஒரு பங்கை நாமே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்த அநீதியை 1882லேயே ஜோதிராவ் புலே, ஹண்டர் கல்விக் குழுவின் முன் எடுத்துவைத்திருந்தார். உழவர்களின் வியர்வையிலிருந்து வருவாய் வருகிறது, அது மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது, உழைப்பவரின் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளி இல்லை என்பது அவர் வாதம்.

அதனால்தான் இங்கே தனிப் பள்ளிகளும் தனித் துறையும் தேவைப்பட்டன. 1919–20 காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்கான தனி அலுவலரும், தொடர்ந்து தொழிலாளர் நலத் துறை ஆணையரும் வந்தார்கள். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் சட்டமன்றத்துக்குள் நின்று பள்ளியையும் உதவித்தொகையையும் விடுதியையும் கேட்டார்கள். அன்று தொழிலாளர் துறை திறந்த பள்ளிகளின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள்.

அதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணா. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது, பிள்ளைகள் கூடினார்கள். 1925இல் அது நின்றது. திட்டம் தோற்றதால் நிற்கவில்லை. இந்தச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் எழுதக் கூடாது என்று கணக்கில் தடை வந்ததால் நின்றது. பிள்ளையின் சோற்றை ஒரு கணக்குத் தலைப்பு பறித்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் தழுவிய திட்டமாக வளர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கணக்குத் தலைப்பு என்பது உலர்ந்த விஷயம் என்று நினைக்கும் தோழர்கள் இந்த ஓரணாவை மறக்கக் கூடாது.

அண்ணலின் கணக்கு

1927 மார்ச் 12 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியக் கோரிக்கை மீது அண்ணல் அம்பேத்கர் பேசினார். அரசியல் சட்டத்தை எழுதிய அம்பேத்கரை நமக்குத் தெரியும். பொருளாதாரம் படித்த அம்பேத்கர் அன்று வரவு செலவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். கல்விக்கு அரசு ஒரு தலைக்கு 14 அணா செலவிடுகிறது, கலால் வருவாயாக ஒரு தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் எடுக்கிறது என்று காட்டினார். மக்களிடமிருந்து மதுவில் எடுக்கும் அளவாவது அவர்கள் படிப்புக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்றார். இதே வேகத்தில் போனால் பையன்கள் எல்லோரும் பள்ளிக்கு வர 40 ஆண்டும், பெண்பிள்ளைகள் வர 300 ஆண்டும் ஆகும் என்று கணக்குச் சொன்னார். சமமில்லாதவர்களைச் சமமாக நடத்தினால் சமத்துவம் வராது, கீழே இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று வாதாடினார்.

1942இல் வைசிராய் நிர்வாக சபையில் இருந்தபோதும் அதே முறையைக் கையாண்டார். பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து அவர் கொடுத்த மனுவில், அலிகர், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆண்டுதோறும் தரும் மானியத்தைச் சுட்டிக்காட்டி, எங்கள் மாணவர்களின் உயர்கல்விக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டார். மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் அந்தத் தொகையில் படிப்பவர்கள். நானும் அதில் படித்தவள். அது நமக்கு யாரும் போட்ட பிச்சை கிடையாது. ஒருவர் வரவு செலவைப் படித்து, ஒப்பிட்டு, கேட்டு வாங்கிய பங்கு.

அறிவொளி விட்டுச்சென்றது

அம்மாவின் சைக்கிளுக்குத் திரும்புகிறேன். 1991–92இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வேலைக்குப் போய்வந்த பெண்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்தார்கள். லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டதாக எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். கல் குவாரியில் கூலிகளாக இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குத்தகை எடுத்தார்கள். 1992இல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள்.

அதன் தூண்கள் தொண்டர்கள். சம்பளமில்லாமல் பாடம் நடத்திய இளைஞர்களும் பெண்களும். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தொண்டர்களை வைத்து ஓர் இயக்கம் நடத்தலாம், ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடத்தை நடத்த முடியாது. எழுத்துக் கற்ற தாய்மார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய வகுப்பறையும் ஆசிரியரும் விடுதியும் அதே வேகத்தில் வந்திருக்க வேண்டும். வந்தது தாராளமயம். கல்வியை விலைக்கு வாங்கும் காலம் பிறந்தது. வாங்க முடிந்தவர்கள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். யார் பிள்ளைகள் மிஞ்சினார்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளிகளின் மதிப்பும் கீழே போனது.

எழுத்தறிவு சாதியைத் தானாக அழித்துவிடாது என்பதையும் இந்த மாவட்டம் கண்டது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே வந்ததே, பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பள்ளிக்குப் போகும் பாதை யார் தெரு வழியாகப் போகிறது என்பவையும் கல்விச் செலவின் கேள்விகளே.

இன்றைய கணக்கு

இப்போது அண்ணலின் முறையில் நம் மாநிலக் கணக்கைப் பார்ப்போம். 2024–25 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது ₹44,042 கோடி. அதே ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் ₹48,344 கோடி. மதுவில் எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 91 காசு. உயர்கல்வியும் ஆதிதிராவிடர் நலத் துறையும் தனிக் கணக்கு என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்த அளவுகோலை, சமூகநீதி மாநிலம் என்று பெருமைப்படும் நாம் பள்ளிக் கல்வியில் இன்னும் எட்டவில்லை. அந்த 48 ஆயிரம் கோடியில் எத்தனை கூலி வீட்டுக் காசு இருக்கிறது என்பதை நம் தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்தது விடுதி. 2023இல் பள்ளி மாணவர்களின் விடுதி உணவுக் கட்டணத்தை மாதம் ₹1,000 இலிருந்து ₹1,400 ஆக உயர்த்தினார்கள். வரவேற்றோம். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. ஒரு வேளைக்குப் பதினாறு ரூபாய்க்கும் குறைவு. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா கேட்ட கேள்விக்கு முப்பது ஆண்டுகள் கழித்து என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

மூன்றாவது துணைத்திட்டம். 1979–80 முதல், மக்கள்தொகையில் நம் விகிதத்துக்கு ஏற்ப நிதியைத் தனியாக வைக்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நாம் 20 விழுக்காடு. ஆனால் எல்லோருக்குமான திட்டத்தின் செலவில் ஒரு பங்கை நம் பெயரில் எழுதி வைத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிப்பது நடைமுறையாகிவிட்டது. நம் கோரிக்கையைத் தொடர்ந்து 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்தது. சட்டம் பலகையில் எழுதியது. தட்டில் வந்ததா என்று பார்க்கும் வேலை நம்முடையது.

நான்காவது ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். 2023 நிதிநிலை அறிக்கை வந்தபோது மாநிலத்தில் இவை ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று அந்த அறிக்கையில் சொன்னார்கள். நம் அமைப்புகள் பல எதிர்த்தன. 2024இல் நீதிபதி சந்துரு குழுவும் ஒரே நிர்வாகத்தைப் பரிந்துரைத்தது. தனிப் பள்ளி சாதி முத்திரையாகிறது என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அந்த முத்திரையோடு வளர்ந்தவள் நான். ஆனால் இணைப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 1893 முதல் நம் பெயரில் வந்த நிலமும் கட்டடமும் நிதியும் இணைத்த பிறகு யார் கணக்கில் இருக்கும்? 1919இன் அந்த அறுநூற்றுச் சொச்சத்தை மறந்துவிட்டு இதற்குக் கையெழுத்திட முடியாது.

ஒன்றிய அரசையும் விட்டுவிடக் கூடாது. கல்விக்கு நாட்டின் வருமானத்தில் 6 விழுக்காடு வேண்டும் என்று கோத்தாரிக் குழு 1966இல் சொன்னது. 2020இன் கல்விக் கொள்கையும் அதையே திருப்பிச் சொல்கிறது. இதுவரை ஓர் ஆண்டுகூட அதை எட்டியதில்லை. தமிழ்நாடு பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024–25க்கான சமக்ர சிக்ஷா நிதி ₹2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். மாநில அரசு உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறோம். அந்த வரி டெல்லிக்குப் போகும்போது நிபந்தனை இல்லை. நம் பிள்ளைக்குத் திரும்பி வரும்போது மட்டும் நிபந்தனை.

என்ன கேட்கப் போகிறோம்?

பணத்தைக் கொட்டினால் கல்வி வந்துவிடுமா என்று சிலர் கேட்பார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு லட்சம் லட்சமாகக் கட்டணம் கட்டுபவர்களே இதைக் கேட்பதுதான் வேடிக்கை. பணம் மட்டும் போதாது என்பதை 1919 காட்டியது. பணம் இல்லாமல் எதுவும் நிற்காது என்பதை 1925 காட்டியது. ஆகவே இரண்டையும் கேட்போம்: கூடுதல் ஒதுக்கீடு, அது தட்டு வரை வந்ததற்கான கணக்கு.

பள்ளிக் கல்விக்கான மாநிலச் செலவு மது வருவாய்க்குக் கீழே போகக் கூடாது. விடுதி உணவுக் கட்டணம் விலைவாசியோடு ஆண்டுதோறும் தானாக உயர வேண்டும். உதவித்தொகை, கல்லூரி கட்டணம் கேட்கும் நாளுக்கு முன் மாணவர் கைக்கு வர வேண்டும். துணைத்திட்ட நிதியில் கல்விக்குச் செலவானது எந்தப் பள்ளி, எந்த விடுதி, எவ்வளவு என்று ஊர் ஊராக வெளியிட வேண்டும். ஒன்றிய அரசு நிபந்தனையின்றி நம் பங்கைத் தர வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். மானியக் கோரிக்கையின் போது துறைகள் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு இணையத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. ஆதிதிராவிடர் நலத் துறையின் குறிப்பை இந்த ஆண்டு வாசித்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் விடுதிக்கும் வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலைக் கிராம சபையில் சத்தமாகப் படியுங்கள். பண்டிதர் மனு எழுதினார், அண்ணல் வரவு செலவைப் பிரித்துப் படித்தார். நமக்கு அவர்கள் விட்டுச்சென்ற கருவிகள் இவை.

என் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தது ஒரு பலகையைத்தான். அதிலேயே கேட்க வேண்டிய கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டார். பட்டம் படித்த நாம் ஒரு நிதிநிலை அறிக்கையைப் படித்து அதே கேள்வியைக் கேட்க முடியாதா?